ஏழாயிரம் ரூபாய் வருஷம்



2019 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, இடுக்கி மாவட்டம் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது. முந்தைய ஆண்டுப் பெருமழையில் தோட்டங்கள் அழுகி, பின்னால் வந்த வறட்சியில் மிச்சமும் வாடி, காய் வரத்துக் குறைந்திருந்த நேரம். எல்லாருக்கும் அந்த விலை கிடைத்துவிடவில்லை. ஏதோ ஒரு லாட்டுக்குக் கிடைத்த உச்ச விலை. ஆனால் மனசில் நிற்பது உச்ச விலைதானே! மூன்றே வருஷத்தில், 2022-இல், சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. உரத்துக்கும் கூலிக்கும் கொடுத்ததுபோக என்ன மிஞ்சும்?

போடிநாயக்கனூர் ஏல மையத்தில் வியாபாரிகள் கணினிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சாம்பிள் வரும். உள்ளங்கையில் கொட்டிப் பச்சை நிறம் எப்படி, பருமன் எப்படி, காய் வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவார்கள். சில நொடிகளில் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்புக்கு விலை முடிவாகிவிடும். அந்த விலையில் நம் மழைக்கு மட்டுமல்ல, கடல் தாண்டி கௌதமாலாவில் பெய்கிற மழைக்கும் பங்குண்டு. அங்கே விளைச்சல் பெருகினால் இங்கே விலை சரியும்.

நீண்ட கால முதலீடு என்றதும் பொறுமையைப் பற்றித்தான் உபதேசம் செய்வார்கள். செடி நட்டு, காய்க்க மூன்று வருஷம் காத்திருக்கிறவருக்கு அந்த உபதேசம் எதற்கு? சிக்கல், எல்லாப் பணமும் ஒரே மலையில் கிடப்பதில்தான். காய் விலை ஏறினால் என்ன செய்கிறோம்? இன்னொரு தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடிக்கிறோம். இல்லையென்றால் போடியிலேயே ஒரு மனை. விலை விழும்போது தோட்டமும் படுக்கும், மனை கேட்கவும் ஆள் வராது. தோட்டமே இல்லாத ஜவுளிக்கடைக்காரருக்கும், விடிவதற்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுகிற ஜீப் டிரைவருக்கும் இதே கதைதான். காய் எடுக்கப் போகும் பெண்களோ பாவம், விலை ஏறினால் கூலி அந்த அளவுக்கு ஏறாது. விலை இறங்கினால் மட்டும் வேலை நாள் குறையும்.

ஆகவே, நல்ல வருஷத்துப் பணத்தில் ஒரு பங்காவது ஏலக்காய் வாடையே படாத இடத்துக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. முதலில் ஒரு வருஷ வீட்டுச் செலவை வங்கியில் போட்டு வையுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் டெபாசிட் காப்பீடு என்பதையும் மறக்க வேண்டாம். அடுத்தது அஞ்சலகத்திலும் வங்கியிலும் கிடைக்கும் பி.பி.எஃப். என்னும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு. மலைக்காரர்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கும்: காய் நன்றாக விற்ற வருஷம் 1.5 லட்சம் வரை கட்டலாம், மோசமான வருஷம் 500 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். 15 வருஷத் திட்டம். 2020 ஏப்ரலில் வட்டி 7.1 சதவீதமானது, அந்த விகிதம் நீடித்தால் போட்ட பணம் சுமார் பத்து வருஷத்தில் இரட்டிப்பாகும்.

அதற்கு மேல் கையில் இருந்தால், பத்து வருஷத்துக்குத் தொடமாட்டோம் என்ற பணத்தை மட்டும் பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டில் போடலாம். மாதச் சம்பளக்காரர்போல் எஸ்.ஐ.பி. என்னும் மாதத் தவணை கட்ட முடியவில்லையே என்ற கவலை வேண்டாம். காய் விற்ற பணத்தை லிக்விட் ஃபண்டில் போட்டு, அங்கிருந்து மாதாமாதம் ஒரு தொகை பங்குச் சந்தை ஃபண்டுக்கு மாறிக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிடலாம். சந்தையும் விழும்தான். ஆனால் அது விழுவதற்கும் கௌதமாலா மழைக்கும் சம்பந்தமில்லை. சீட்டு போடுகிறவர்கள், அது 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவானதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சொந்தக்காரர் நடத்தினாலும் சரி.

போடிக்கு ஏலக்காய் என்றால் திருப்பூருக்குப் பனியன், சிவகாசிக்குப் பட்டாசு, நாமக்கல்லுக்கு முட்டை. உங்கள் ஊர் எதை நம்பி இருக்கிறது, அதற்கு வெளியே உங்கள் வீட்டுப் பணம் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்