கட்சியும் பரம்பரைச் சொத்தும்

"எங்களுடையது காங்கிரஸ் குடும்பம்", "அவர்கள் மூன்று தலைமுறையாகக் கழகக் குடும்பம்" என்று தமிழ்நாட்டில் வெகு சாதாரணமாகச் சொல்லிக்கொள்கிறோம். நிலத்தையும் குலதெய்வத்தையும் போலக் கட்சியும் தகப்பன்வழியில் வந்து சேர்கிறது. வாரிசு அரசியலைச் சாடுகிறவர்கள் தலைவர்களின் பிள்ளைகளைத்தான் சாடுகிறார்கள். வாக்காளர் வீட்டு வாரிசுரிமை அவர்கள் கண்ணில் படுவதில்லை. அந்த உரிமையை ஒரேயொரு நாள், அதிலும் ஒரு நிமிடம், சட்டம் செல்லாததாக்கிவிடுகிறது. தேர்தல் நாளின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

அந்த நிமிடம் எளிதில் வாய்க்கவில்லை. சென்னை மாகாணச் சட்டசபை 1921இலேயே பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது, பெருமைதான். ஆனால் சொத்தும் வரியும் உள்ளவர்க்கே வாக்கு என்றிருந்த காலம் அது. தன் பெயரில் சொத்திருந்த பெண்கள் எத்தனை பேர்? 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் இதற்குக் கண்ட வழி விசித்திரமானது. சொத்துத் தகுதி பெற்ற ஆணின் மனைவியாக இருப்பதும் ஒரு தகுதியாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கும் இடமளித்தார்கள் என்பது உண்மையே. எனினும் பலருக்குத் தாலிதான் வாக்குச்சீட்டு.

வயது வந்த அனைவருக்கும் வாக்கு என்று 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் வந்தபோது, வடமாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து, 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே பதிந்திருந்தார்கள். (நம் பக்கத்தில் கணவன் பெயரைச் சொல்லத்தான் கூச்சம்!) தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார். கடுமையான முடிவு, ஆனால் சரியான முடிவு என்பேன். பெயரே இல்லாதவளுக்கு ரகசியம் ஏது?

அந்தத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின்மேல் சின்னம். மறைப்புக்குள் சென்று விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். 1962 பொதுத்தேர்தலில்தான் ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறை பரவலாக வந்தது. என் பாட்டி இரண்டு முறைகளையும் கண்டவள். தாத்தா கதர்க்காரர், 1952இல் வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு இரட்டைக் காளையைச் சுவரில் கரியால் வரைந்து அவளுக்குப் பயிற்சி கொடுத்தாராம். 1967இல் நிலைமை வேறு. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ஊறிவந்த பெரியப்பா உதயசூரியன் பக்கம் போய்விட்டார். ஒரே அடுப்பு, இரண்டு கட்சி. பாட்டியின் வாக்கை இருவருமே தத்தம் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம் அவள் சொன்னது, "உள்ளே போனேன், குத்தினேன், வந்துட்டேன்." சாகும்வரை அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அந்தத் தேர்தலில் விருதுநகரில் காமராஜர் தோற்றது 1,285 வாக்குகளில். அவற்றில் எத்தனை இப்படிப்பட்ட அடுப்படிகளிலிருந்து வந்தனவோ!

வீட்டுக்குள் காப்பாற்றப்பட்ட அந்த ரகசியம் இப்போது தெருவில் பிடிபடுகிறது. காகிதச் சீட்டுக் காலத்தில், எண்ணுவதற்கு முன் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்துவிட விதி இடமளித்தது. 2004இல் நாடு முழுவதும் இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு சாவடியின் கணக்கும் தனித்தனியே படிவம் 20இல் ஏறிவிடுகிறது. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்தே காட்டும் கூட்டுக்கருவியைப் பயன்படுத்த அனுமதி கேட்டு ஆணையம் 2008இல் எழுதியது. சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. ஒரே சாவடி உள்ள சிற்றூரிலிருந்து குடிநீர்க் குழாய் கேட்டு வருகிறவர்களிடம், வென்றவர் அந்தப் படிவத்தை எடுத்துக் காட்ட முடியும். வாரிசு அரசியலைச் சாடும் நம் எழுத்தாளர்கள் ஒருமுறையாவது இதையும் கேட்டிருக்கலாம்.