பயிற்சி யாருக்காக?

ஆலைகளிலே இன்று ‘பயிற்சி’ என்ற சொல் அதிகமாய் அடிபடுகிறது. புதிய யந்திரம் வருகிறது, நாலு நாள் வகுப்பு நடக்கிறது, சர்ட்டிபிகேட் கொடுக்கிறார்கள். ஸ்தாபனம் வளரத் தொழிலாளி கற்கவேண்டும் என்று நிர்வாகம் உபதேசிக்கிறது. கற்க வேண்டியதுதான், அதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் எதைக் கற்பது என்று தீர்மானிப்பது யார்? கற்றதன் பலன் யாருக்கு?

அமெரிக்க எஞ்சினீயர் பிரெடெரிக் டெய்லர் 1911-ம் வருஷத்தில் ‘விஞ்ஞான நிர்வாகம்’ பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தொழிலாளர் கைவசமிருந்த தொழில் ஞானத்தை நிர்வாகம் திரட்டி, விதிகளாக்கி, அன்றாட வேலையைத் தானே வகுத்துக் கொடுக்கவேண்டும் என்பது அவர் போதனை. யோசிப்பவன் ஒருவன், உழைப்பவன் மற்றொருவன்! இந்த மனப்பான்மை இன்னும் சாகவில்லை.

நம் நாட்டின் 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தைப் பாருங்கள். அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்ல என்கிறது அதன் 18-வது பிரிவு. பயிற்சி முடித்தவருக்கு வேலை தருவது பற்றி முதலாளியே கொள்கை வகுத்துக்கொள்ள விட்டது 2014-ம் வருஷத்துத் திருத்தம். லேத்தில் பையன் கடைந்த உருப்படி சந்தைக்குப் போகிறது. பையன் வீட்டுக்குப் போகிறான்.

ஆலையைப் பற்றி யோசிக்கத் தொழிலாளிக்குத் தெரியாதா? பிரிட்டனில் ஆகாய விமானப் பாகங்கள் செய்த லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர் இதற்குப் பதில் சொன்னார்கள். ஆட்குறைப்பு அபாயம் வந்தபோது, என்னென்ன யந்திரம் இருக்கிறது, யாருக்கு என்ன வேலை தெரியும், மக்களுக்குப் பயன்படும் எதைச் செய்யலாம் என்று சங்கப் பிரதிநிதிகள் தொழிலாளரையே கேட்டார்கள். 1976-ல் சுமார் 150 பொருள்கள் அடங்கிய திட்டம் வெளிவந்தது. சிறுநீரக நோயாளிகளுக்கான யந்திரமும், ரோட்டிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டியும் அதில் இருந்தன. நிர்வாகம் ஏற்க மறுத்தது. எனினும், தம் ஆலை முழுவதையும் தாமே ஆராய்ந்த அந்தப் படிப்பு, நாலு நாள் வகுப்பில் கிடைக்கக்கூடியதா?

நிர்வாகத்தில் தொழிலாளர் பங்குபெற சர்க்கார் வழிசெய்யவேண்டும் என்று நமது அரசியல் சட்டத்தின் 43-ஏ ஷரத்தும் கூறுகிறது. அதுவும் 1976-ம் வருஷத்துத் திருத்தத்தில் சேர்ந்ததே. ஆனால் அதைக் காட்டிக் கோர்ட்டில் உரிமை கேட்க முடியாது. சங்க பலத்தால்தான் கேட்க முடியும்.

ஆகவே, போனஸ், பஞ்சப்படியுடன் இவையும் கோரிக்கைப் பட்டியலில் ஏறவேண்டும்: பயிற்சித் திட்டம் வகுப்பதில் சங்கத்துக்கு இடம், வேலை நேரத்திலேயே சம்பளத்துடன் வகுப்பு, கற்ற திறமைக்கேற்ற கிரேடு, புது யந்திரம் வாங்குமுன் கலந்தாலோசனை.

யந்திரத்தை மட்டும் கற்றவன், அது தன் வேலையைப் பறிக்கும் நாளில் திகைத்து நிற்பான். ஆலையைக் கற்றவனோ, மாற்று வழி இது என்று எடுத்துச் சொல்வான். அந்தப் படிப்பைச் சங்கம்தான் தொடங்கவேண்டும்.