சுற்றுலாப் பேருந்து வெண்மணிக்குப் போவதில்லை

தைப்பொங்கல் முடிந்த கையோடு எங்கள் திண்டுக்கல் பகுதிக் கல்லூரிகளில் சுற்றுலாப் பருவம் தொடங்கிவிடும். பேருந்தின் முகப்பில் 'கல்விச் சுற்றுலா' என்று பதாகை கட்டுவார்கள். உள்ளே ஒலிபெருக்கி அதிரும். மூணாறு, அதிரப்பள்ளி, கொச்சியில் ஒரு கேளிக்கைப் பூங்கா என்று மூன்று நாள் சுற்றிவிட்டு நான்காம் நாள் தூங்கி வழியும் முகங்களோடு வகுப்புக்கு வருவார்கள். தமிழ்த்துறையைச் சேர்ந்த எங்களுக்கு மட்டும் கொஞ்சம் குற்றவுணர்வு உண்டு. ஆகவே ஆண்டு விட்டு ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலையும், பூம்புகாரின் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் காட்டிவிட்டுத் திரும்புவோம். பிள்ளைகள் மகிழ்வதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பதாகையில் உள்ள 'கல்வி' என்ற சொல்தான் உறுத்துகிறது.

சென்ற கல்வியாண்டில் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். பண்ணையாரின் கொடூரத்தை அவரது ஆண்மைக் குறைவோடு முடிச்சுப்போட்டது சரியா, கூலிப் போராட்டம் உளவியல் சிக்கலாகச் சுருங்கிவிட்டதா என்ற பழைய விவாதத்தை உற்சாகமாக விளக்கினேன். வகுப்பு முடிந்ததும் வேடசந்தூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "ஐயா, இது கதைக்காக எழுதினதா, நெசமாவே நடந்ததா?"

நடந்தது என்றேன். எங்கே என்றாள். இங்கே வண்டி ஏறினால் ஆறு மணி நேரம் என்றேன். "அப்படீன்னா போய்ப் பாக்கலாமே, ஐயா" என்றாள்.

உளவியல், உத்தி, பாத்திரப் படைப்பு என்று ஒரு வாரம் பேசியிருந்தேன். நடந்ததா இல்லையா என்பதை மட்டும் சொல்லாமலே இருந்திருக்கிறேன். ஆசிரியனாக அன்று நான் கூனிப்போனேன்.

அந்த ஆண்டுச் சுற்றுலாவைக் கீழ்வெண்மணிக்கு மாற்றலாம் என்று துறைக் கூட்டத்தில் சொன்னேன். மறுப்புகள் மூன்று வந்தன. மாணவர்களிடையே சாதிப் பகை மூளும். அது ஒரு கட்சியின் இடம், நமக்கெதற்கு? சாவு நடந்த இடத்தில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? பேருந்து வழக்கம்போல் மலையேறியது. அந்த மூன்று மறுப்புகளுக்கும் அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்ட தலித் உழவுத் தொழிலாளரின் சேரியை நிலவுடைமையாளர்களும் அவர்களது ஆட்களும் துப்பாக்கிகளோடு சூழ்ந்தார்கள். தப்ப வழியில்லாதவர்கள் இராமையாவின் சிறு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. இறந்தவர்கள் 44 பேர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். கீழ்நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்கு 10 ஆண்டுத் தண்டனை விதித்தது. 1973-இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. காரும் நிலமும் உள்ள பெருந்தனக்காரர்கள் தாமே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்னும் பொருள்படத் தீர்ப்பில் ஒரு வாதம் உண்டு. 1980-இல் கோபாலகிருஷ்ண நாயுடு கொலையுண்டார்.

மதுரையை எரிக்கும்போது கண்ணகி தீக்கடவுளிடம் யாரையெல்லாம் விட்டுவிடச் சொன்னாள் என்று நாங்கள் தேர்வில் கேட்போம். பெண்கள், முதியோர், குழந்தைகள் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். முழு மதிப்பெண் போடுவோம். பிறகு பூம்புகாருக்குக் கூட்டிப்போய்க் கண்ணகியின் கதையைக் கற்சிற்பங்களில் காட்டுவோம். அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில், அந்தப் பட்டியலில் உள்ளவர்களையே தேடி எரித்த ஊர் இருக்கிறது. அங்கே மட்டும் வண்டி திரும்புவதில்லை.

இனி உலகம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆஷ்விட்ஸ் வதைமுகாம் 1947 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஏறத்தாழ 11 இலட்சம் பேர் கொல்லப்பட்ட அவ்விடத்துக்குப் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். என் மாணவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியும், திரைப்படங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதே மாணவர்களுள் சிலர் புத்தகக் கண்காட்சியில் இட்லரின் தன்வரலாற்றை வாங்கிவந்து, "விடாமுயற்சிக்காகப் படிக்கிறேன்" என்கிறார்கள். தொலைவில் நடந்த கொடுமை இவர்களுக்குப் படமாகவும் பொன்மொழியாகவும் வந்து சேர்கிறது, சுடுவதில்லை.

நான் கவனிக்கச் சொல்வது செர்மனியின் பவேரியா மாநிலத்தை. அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வதைமுகாம் நினைவிடம் ஒன்றைப் பார்ப்பது பள்ளிப் படிப்பின் கட்டாயப் பகுதி. மூனிச் நகரத்துப் பிள்ளைகள் போகும் டாஹாவ் முகாம், நாஜிகள் 1933-இலேயே திறந்தது. புறநகர் இரயிலில் போய் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். தங்கள் பாட்டன்மார் வாழ்ந்த ஊருக்குப் பக்கத்தில், தங்கள் மொழியில் கட்டளையிட்டு நடத்தப்பட்ட கொலைக்களத்தை அப்பிள்ளைகள் பார்க்கிறார்கள். இத்தகைய பயணத்தின் உயிர்நாடி இதுதான். பிறர் செய்த கொடுமையைப் பார்த்து உச்சுக்கொட்டுவதற்குக் கல்வி தேவையில்லை. நம்மவர் செய்ததை நின்று பார்ப்பதற்குத்தான் தேவை.

அறுபது இலட்சம் யூதர்களை ஓர் அரசே திட்டமிட்டு அழித்ததையும், ஓர் இரவில் ஒரு குடிசையில் 44 பேர் எரிந்ததையும் நான் ஒன்றாக்கவில்லை. அளவும் வேறு, தன்மையும் வேறு. நான் ஒப்பிடுவது கொலைகளை அன்று. கொலைக்குப் பின்வந்த தலைமுறைகளின் நடத்தையை.

முதல் மறுப்பு: சாதிப் பகை மூளும். ஐயா, அது இல்லாத இடத்தில் மூட்டப்போவதுபோல் பேசுகிறோம். என் வகுப்பில் மதிய உணவுக்கு யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதும், மணிக்கட்டில் என்ன நிறத்தில் கயிறு என்பதும் எனக்குத் தெரியும், மறுத்தவர்களுக்கும் தெரியும். மாணவர்கள் பகையைத் தங்கள் ஊரிலேயே கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதைப் பற்றி வாய்திறந்து பேச ஓர் இடம் மட்டும் கிடைப்பதில்லை. பேசாதிருத்தலை நல்லிணக்கம் என்று நாம்தான் அழைத்துக்கொள்கிறோம்.

இரண்டாம் மறுப்பு: அது கட்சியின் இடம். இதில் பாதி உண்மை உண்டு. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று அங்கே செங்கொடிகள் திரள்கின்றன. நாற்பத்து நான்கு பேரை மறக்காமல் காத்தவர்கள் அவர்கள். அதற்காக அவர்களைக் குறைசொல்ல நாம் யார்? கல்லூரிகள் போகாத இடம் கட்சிக்கு மட்டும் உரியதாக மிஞ்சியது, அவ்வளவுதான். ஆயினும் நினைவிடங்கள் ஒரு கொடிக்குள் முடங்கும் ஆபத்து மெய்யானது. இசுரேல் 1988 முதல் தன் மாணவர்களைப் போலந்து முகாம்களுக்கு அனுப்புகிறது. பிள்ளைகள் நாட்டுக் கொடியைப் போர்த்திக்கொண்டு முகாமுக்குள் நடப்பதைப் பார்த்து, துயரத்திலிருந்து இவர்கள் கற்பது மனிதத்தையா, தேசியப் பெருமிதத்தையா என்று அந்நாட்டு அறிஞர்களே கேட்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் அந்தக் கொடியின் இடத்தில் சாதி இருக்கிறது. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது காவல்துறை சுட்டது. 16 பேர் இறந்தனர். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களுள் ஒருவர். மேலூர் அருகே மேலவளவில், தனித்தொகுதியான ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்வான முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 சூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆயுள் தண்டனை பெற்றவர்களுள் 13 பேர் 2019-இல் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். திண்டுக்கல்லிலிருந்து இவ்விரண்டு ஊர்களையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். ஆனால் முதல் ஊருக்கு ஒரு சாரார் மாலையோடு போகிறார்கள். இரண்டாம் ஊருக்கு வேறொரு சாரார் போகிறார்கள். இரண்டுக்கும் ஒரே பேருந்தில் போகிறவர்கள் எவருமில்லை. அந்தப் பேருந்தைக் கல்லூரிதான் விடமுடியும். அதை விடாத கல்லூரிக்கு எதற்கு ஒரு சுற்றுலாக் குழு?

மூன்றாம் மறுப்பு: சாவு நடந்த இடத்தில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? இதை மட்டும் நான் மதிக்கிறேன். நாற்பத்து நான்கு பெயர்கள் பொறித்த தூணின்முன் சிரித்துக்கொண்டு தற்படம் எடுப்பதைவிடப் போகாமலிருப்பது மேல். ஆனால் இதற்கு மருந்து ஆயத்தம்தானே தவிரத் தவிர்ப்பு அன்று. பிரிட்டனில் 1999 முதல் நடக்கும் ஆஷ்விட்ஸ் பயணத் திட்டத்தில், ஒருநாள் பயணத்துக்கு முன்னே ஓர் அமர்வும் பின்னே ஓர் அமர்வும் உண்டு. நாமும் அவ்வாறு செய்யலாம். போவதற்கு முன் தீர்ப்பைப் படிக்கட்டும், நாவலைப் படிக்கட்டும், பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தைப் பார்க்கட்டும். திரும்பிவந்து எழுதட்டும். 1980-இல் நடந்த கொலை நீதியா, பழியா என்று தங்களுக்குள் வாதிடட்டும். விடை நம்மிடம் தயாராக இல்லாத கேள்வியைத் தருவதும் கல்விதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெண்மணி நமக்கு அயலூர் அன்று. நம் மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டிப் பக்கம், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்து, காந்திகிராமத்தோடு உறவு கொண்டிருந்த கிருஷ்ணம்மாள், அந்தத் தீயைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தம் கணவர் ஜெகந்நாதனோடு கீழத்தஞ்சைக்குப் போனார். பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. அங்கேயே தங்கி, 1981-இல் உழுவோருக்கு நிலம் பெற்றுத்தரும் லாஃப்டி அமைப்பைக் கணவரோடு நிறுவி, நிலமற்ற பெண்களின் பெயரில் நிலம் வாங்கித்தருவதையே வாழ்க்கையாக்கினார். 2008-இல் அவர்களுக்கு வாழ்வுரிமை விருது கிடைத்தது. திண்டுக்கல்லிலிருந்து வெண்மணிக்குக் கல்விப் பயணம் என்று ஒன்று உண்டென்றால், அதை ஒரு பெண் ஏற்கனவே போய்விட்டார். நாம் வழியைக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. பேருந்து ஏற்பாடு செய்தால் போதும்.

கேள்வி கேட்ட மாணவி இவ்வாண்டு படிப்பை முடித்துவிட்டாள். அவள் தாய் விடிகாலையில் நூற்பாலை வண்டி ஏறிப் போகிறவர். கூலி உயர்வு கேட்பது என்றால் என்னவென்று அந்த வீட்டுக்கு யாரும் பொழிப்புரை சொல்லவேண்டியதில்லை. அவளை நான் வெண்மணிக்கு அழைத்துப்போகவில்லை. மூணாற்றில் எடுத்த குழுப்படத்தில் அவளும் நிற்கிறாள்.

அடுத்த துறைக் கூட்டத்தில் இதே கோரிக்கையை எழுத்தில் கொடுக்கப்போகிறேன். மறுப்பதாயின் மறுப்பையும் எழுத்தில் கேட்பேன். இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களும் தத்தம் துறையில் ஒருமுறை கேட்டுப் பார்க்கவேண்டும்.