பிற்கால ரோமப் படையில் தோற்கவசம்: சான்றுகளின் எல்லை

பிற்கால ரோமப் படைவீரர் தோலாலான உடற்கவசம் அணிந்தனரா என்னும் வினாவில், உண்டென்போரும் இல்லையென்போரும் 'தோல்' என்பதனை ஒரே பொருளாகக் கொண்டு வாதிடுகின்றனர். பட்டைச்சாற்றில் பதனிட்ட தோல் வேறு. பதனிடாது உலர்த்தி இறுகச்செய்த பச்சைத்தோல் வேறு. முன்னது காற்றுப்புகா ஈரமண்ணிலும் நெடுங்காலம் நிலைக்கும். பின்னது அங்கு அழுகிவிடும், வறண்ட மண்ணிலேயே எஞ்சும். இவ்வேறுபாட்டைக் கருதாமல் சான்றுகளை எடையிடுதல் பொருந்தாது.

உண்டென்போர் சொல்லையும் சிற்பத்தையும் துணைக்கொள்வர். கவசத்தைக் குறிக்கும் 'லோரிகா' என்னும் இலத்தீன் சொல்லைத் தோல்வாரைக் குறிக்கும் 'லோரும்' என்பதிலிருந்து வருவித்தார் வாரோ. அவர் கி.மு. முதல் நூற்றாண்டினர். சொற்பிறப்பு ஒரு பொருளின் தொன்மையைச் சுட்டலாம். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிந்திய வழக்கை நிறுவாது. சிற்பங்களில் உடல்தசை வடிவில் அமைந்த மார்புக்கவசம் வெண்கலமா தோலா என்பதனைக் கல் உரைப்பதில்லை. அவ்வடிவமே கிரேக்க மரபின் தொடர்ச்சி.

இல்லையென்போர் பிரித்தானியாவின் விண்டோலாண்டாவைச் சுட்டுவர். அங்கு ஆயிரக்கணக்கான காலணிகளும் கூடாரத் தோற்பகுதிகளும் எஞ்சியிருக்க, மார்புக்கவசம் மட்டும் இல்லாதது ஏன் என்பது அவர்தம் வினா. பதனிட்ட தோலைப் பொறுத்தவரை இது வலிய வாதமே. பச்சைத்தோலைப் பொறுத்தவரை அவ்வீரமண் சான்றாகாது.

கி.பி. 256ஆம் ஆண்டளவில் சாசானியரிடம் வீழ்ந்த சிரியாவின் துரா-யூரோப்பசு நகரின் வறண்ட மண்ணில், பச்சைத்தோல் தகடுகளைக் கோத்துச் செய்த தொடைக்கவசங்கள் கிடைத்தன. எகிப்தின் மன்ஃபலூத்தில் கிடைத்து இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள முதலைத்தோல் கவசம் 3-4ஆம் நூற்றாண்டினது. ஆயினும் அது முதலை வழிபாட்டுச் சடங்குக்குரியதாகக் கருதப்படுவதால் போர்க்களச் சான்றாகக் கொள்ளத்தக்கதன்று. போர்க்கருவிகள் குறித்த 'தே ரேபுஸ் பெல்லிகிஸ்' என்னும் ஆசிரியர் பெயர் அறியப்படாத இலத்தீன் நூல், கவசத்தின் உள்ளே அணியும் கம்பளி உடையை விவரித்து, அது மழையில் நனைந்து கனக்காதிருக்க மேலே தோலுடை அணியுமாறு கூறுகிறது. அங்குத் தோல் தடுப்பது மழையை; வாளையன்று.

ஆகவே, பச்சைத்தோலால் உறுப்புகளைக் காத்தமைக்குச் சான்றுண்டு. பதனிட்ட தோலாலான மார்புக்கவசம் படையின் பொதுவழக்கு என்பதற்கு இச்சான்றுகள் இடந்தரவில்லை. முன்னதைக் காட்டிப் பின்னதை நிறுவுவதும், பின்னதன் இன்மையைக் காட்டி முன்னதை மறுப்பதும் ஒருங்கே தவிர்க்கத்தக்கன.