ஒட்டகத்தைக் கட்டிவிட்டீர்களா?



வெளிநாடு புறப்படும் ஒருவரிடம், "பயணக் காப்பீடு எடுத்தாயிற்றா?" என்று கேட்டால், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பார். பார்த்துக்கொள்வான், அதில் ஐயமில்லை. ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும்படி அண்ணலார் (ஸல்) வழிகாட்டியதைத் திர்மிதியில் காண்கிறோமே! கட்டாமல் விட்ட ஒட்டகத்தைத் தேட ஊரைக் கூட்டுவதா தவக்குல்?

மார்க்கத்தின் நிலை என்ன? 1985-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீட்டில் நிச்சயமற்ற பேரம் இருப்பதால் அது கூடாது என்றது. ஒருவருக்கொருவர் உதவும் நன்கொடை அடிப்படையிலான கூட்டுக் காப்பீட்டை அனுமதித்தது. மலேசியா 1984-லேயே தகாஃபுல் சட்டம் இயற்றிவிட்டது. நம் நாட்டில் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை.

எனினும், சில பயணங்களில் தேர்வு நம் கையில் இல்லை. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு இல்லாமல் வணிகருக்கு ஷெங்கன் விசா கிடைக்காது. உம்ரா விசாக் கட்டணத்திலேயே காப்பீடும் அடங்கிவிடுகிறது. இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வளைகுடாவுக்கு வேலைக்குச் செல்வோருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டாண்டுக்கு பிரீமியம் 275 ரூபாய். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய். சட்டத்தின் நிர்பந்தத்தால் எடுப்பவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இளைஞனே! ஏஜெண்டின் பேச்சை நம்பி விசிட் விசாவில் வேலைக்குப் பறக்கிறாயே, இந்தப் பாதுகாப்பையும் உதறிவிட்டல்லவா விமானம் ஏறுகிறாய்! நாளை ஒரு விபத்து என்றால் உன் தாய் எந்தக் கதவைத் தட்டுவாள்?

கட்டாயமில்லாத பயணத்தில் எடுப்பதா, விடுவதா? நம்பகமான ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள். எடுப்பதானால் சர்க்கரை, இதய நோய் எதையும் மறைக்காதீர்கள். மறைப்பது பொய், இழப்பீடு மறுக்கப்படவும் அதுவே காரணமாகிவிடும். பேணுதலுக்காக எடுக்காமல் விட்டால், அந்தப் பேணுதல் முழுமையாக இருக்கட்டும். மருத்துவத்துக்கும் அவசரமாகத் திரும்பி வருவதற்கும் பணம் ஒதுக்குங்கள். கடன்களை எழுதி வையுங்கள். வஸிய்யத்தை வீட்டாரிடம் கொடுங்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! சபராளிகள் தங்களுக்குள் நன்கொடையாகத் தரும் சிறு தொகையைத் திரட்டி, பைத்துல்மாலில் ஒரு தனி நிதி ஏற்படுத்த உங்களால் முடியாதா? ஜும்ஆவுக்குப் பின் துண்டு விரித்து மையத்துக்கு வசூலிக்கும் அவலம் இன்னும் எத்தனை காலம்?

சிந்திப்பீர்! செயல்படுவீர்!