ஆரத்தித் தட்டில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி



"கான்ஜுகேஷன் என்றால் என்ன?" என்று வைவாவில் கேட்டால், "ஒன்று விட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பு, உதாரணம் 1,3-பியூட்டாடையீன்" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்போம். "சரி, அதனால என்னப்பா?" என்று அடுத்த கேள்வி வந்தால்... முழிப்போம்! பியூட்டாடையீன் நிறமில்லாத வாயு. அதைக் கண்ணால் கண்டவர் நம்மில் யார்?

ஆனால் ஆரத்தி கரைப்பதைப் பார்க்காதவர் பருத்திப்பட்டில் உண்டா? மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு; நொடியில் சிவப்பு! மஞ்சளிலுள்ள குர்குமினில் இரண்டு பென்சீன் வளையங்களை ஏழு கார்பன் சங்கிலி இணைக்கிறது. அந்தப் பாதை நெடுக பை எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்காமல் பரவி நிற்கின்றன. பரவி நிற்பதைக் கிளப்பக் குறைந்த ஆற்றலே போதும். அதனால்தான் அது 425 நானோமீட்டர் அருகே ஊதா-நீல ஒளியை விழுங்கி, மஞ்சளாகத் தெரிகிறது. சுண்ணாம்பு காரம்; ஹைட்ராக்சில் தொகுதியின் புரோட்டானைப் பறித்துவிடும். மிஞ்சும் எதிர்மின்சுமையும் அதே பாதையில் பரவ, விழுங்கும் ஒளி பச்சைப் பக்கம் நகர்கிறது, நிறம் சிவப்பாகிறது. எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள்!

நம் டைட்ரேஷன் பினாப்தலீனும் இதே கதைதான். அமிலத்தில் நடுக் கார்பன் மூன்று வளையங்களின் தொடர்பை அறுத்து வைக்கிறது, நிறமில்லை. காரத்தில் தொடர்பு கூடியதும் இளஞ்சிவப்பு.

என் கருத்து இதுதான்: இந்தப் பாடம் பியூட்டாடையீனில் அல்ல, மஞ்சளில் தொடங்க வேண்டும். நாளை வேலைக்குப் போகும் இடத்தில் "கலர் ஏன் மாறிச்சு?" என்றுதான் கேட்பார்கள், டெஃபனிஷன் கேட்க மாட்டார்கள். அடுத்த லேப் வகுப்புக்கு ஒரு சிட்டிகை மஞ்சள், கொஞ்சம் சுண்ணாம்பு, ஒரு எலுமிச்சை... கொண்டு வருவோமா?