நோயாளர் தலைமாட்டில்

கல்லூரிக்கு விழாவெடுக்குங் காலத்திற் பழைய மாணவராகிய நாம் கட்டடம், நூல்நிலையம், விளையாட்டிடம் என்பன பற்றியே பேசுகின்றோம். அவை வேண்டியனவே. ஆயினும், நம்மவருட் பலர் வைத்தியராய் நடமாடுவதும், நம்மில் எவரும் ஒருநாள் நோயாளராய்க் கிடக்கப்போவதுமாகிய வைத்தியசாலை விடுதியைப் பற்றி நாம் வாய்திறப்பதில்லை.

1847 இல் ஈழத்துக்கு வந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தொடங்கித் தமிழிலேயே அதனைக் கற்பித்தார். அக்காலத்து மிஷன் வைத்தியத்தில் மருந்தோடு செபமுங் கட்டிலருகே வந்தது. சைவர் அதனை ஐயத்தோடு நோக்கினர். அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால், நோயாளியைத் தேடிச்செல்லும் நல்வழக்கத்தையும் அவ்வையத்தோடு சேர்த்துத் தள்ளிவிட்டோம். நம் குருமார் கோயிலில் இருப்பர். உயிர் பிரிந்தபின் கிரியைக்கு வருவர். இடைப்பட்ட நாள்களுக்கு ஆளில்லை.

ஆள் வந்தாலும் என்ன பேசுவது என்பது வேறொரு வினா. நம் உறவினராகிய மூதாட்டியார் ஒருவர் புற்றுநோயாற் கிடந்தபோது, கற்றறிந்த பெரியவர் ஒருவர் வந்து, பழவினையின் இயல்பை அரைமணி நேரம் விரித்துரைத்தார். சாத்திரத்திற் பிழையில்லை. ஆச்சி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிரவு சிற்றூழியப் பெண் ஒருத்தி, "ஆச்சி, நித்திரை வரேல்லையோ? கொஞ்ச நேரம் இருக்கட்டே?" என்று கேட்டு அருகிருந்தாள். அவளிடமே ஆச்சி அழுதார்.

நோயாளியின் தலைமாட்டில் வினைப்பயன் பேசுவது சைவமன்று என்பது எமது துணிபு. சேக்கிழார் காட்டும் திலகவதியாரை நோக்குக. சமயம் விட்டுச் சென்ற தம்பி சூலைநோயோடு இரவில் வந்து அடியில் விழுந்தபோது, அவ்வம்மையார் அவரைக் கடிந்தாரல்லர். திருநீறு அளித்து, விடியுமுன் திருவதிகைத் திருக்கோயிலுக்குத் தாமே அழைத்துச் சென்றார்.

இலண்டனில் 1967 இல் சிசிலி சோண்டேர்ஸ் அம்மையார் அந்தியகால நோயாளர்க்கென இல்லந் திறந்தபோது, நோவு உடலளவில் நிற்பதன்று. உள்ளம், குடும்பம், ஆன்மா அனைத்தையும் பற்றுவது என்று கொண்டே பணியாற்றினார். உலக சுகாதார நிறுவனமும் இன்று அதனையே சொல்கின்றது.

குடும்பத்தவர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு வன்னியிலிருந்து வருவோரை எண்ணுக. சுடுநீர்ப் போத்தலும் பாயுமாய் வெளியே காத்திருப்போர், நோயின் பெயரை நோயாளிக்கு மறைத்து, அவர்முன் சிரித்து, வெளியே வந்து கண்துடைக்கின்றனர். நோயாளியோ பெரும்பாலும் அறிந்தே இருக்கின்றார்! இருசாராருந் தனித்தனியே சுமக்கும் அச்சுமையைச் சிறிது இறக்கிவைக்க மூன்றாமவர் ஒருவர் வேண்டும்.

பழைய மாணவர் பதின்மர், வாரத்துக்கு ஒரு மாலையேனும் இதற்கென ஒதுக்குதல் கூடாதா? விரும்பிக் கேட்போர்க்குத் தேவாரம் ஓதலாம், கேளாதார்க்கு ஓதவேண்டா. வேற்றுச் சமயத்தவராயின் அவர்தம் குருவை அழைத்துக் கொடுக்கலாம். வைத்தியரின் சொல்லுக்கு மாறாய் ஒன்றும் உரைத்தலாகாது. கேட்டவற்றை ஊரிற் பரப்புதல் அறவே ஆகாது. நம் ஊரில் இப்பின்னதே கடினம்.

எந்த விடுதிக்கு, எந்நேரத்தில் வரலாம் என்பதை நம்முள் வைத்தியராயுள்ளோர் விழா முடியுமுன் அறிவிப்பாராக.